ஆல்மா தெருவில் அடைபட்ட துளைகள்

யார் வீட்டுக்குப் போனாலும் நெரிஸ் கோட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்வாள். ஜன்னல் விளிம்புக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய், மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்துவாள். எங்காவது ஓரிடத்தில் கை நிற்கும். "இங்க வருது பாரு" என்பாள். அதற்குப் பிறகுதான் உட்காருவது, டீ குடிப்பது, ஊர்க்கதை பேசுவது எல்லாம். கல்யாண வீடோ சாவு வீடோ, வித்தியாசம் கிடையாது. சாவு வீட்டில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். கை தன்பாட்டுக்குப் போகும். ஆல்மா தெருப் பிள்ளைகள் அவள் போன பிறகு அதே மாதிரி கையை நீட்டி நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. நெரிஸுக்குக் காற்றென்றால் பயம். சின்ன வயதில் அவளும் தம்பி இட்வலும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். அக்கா என்ற உரிமையில் அவள் உட்பக்கம், அவன் ஜன்னல் பக்கம். வேல்ஸ் நாட்டு மலைச்சரிவில் வரிசையாக ஒட்டிக்கட்டிய கல் வீடுகள் அவை. மேற்கிலிருந்து வரும் மழை சுவருக்குள் ஊறி, உள்பக்கம் கறுப்பாகப் பூத்து நிற்கும். அம்மா செய்தித்தாளைச் சுருட்டிச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் திணிப்பாள். ஒரு மாசி மாதத்தில் இட்வலுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பனி விலகுவதற்குள் போய்விட்டான். டாக்டர் ஏதோ பெயர் சொன்னார். அம்மா சொன்னது ஒன்றுதான்: "காத்துதான் என் பிள்ளையைக் கொண்டுபோச்சு." டாக்டர் சொன்ன பெயர் நெரிஸுக்கு மறந்துவிட்டது. அம்மா சொன்னது மறக்கவில்லை.

வளர்ந்து பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் இன்றைக்கு மீசை வைத்திருக்கிற பாதிப் பேர் அவள் அதட்டலுக்குப் பயந்து பட்டாணியை விழுங்கியவர்கள்தான். புருஷன் ட்ரெவர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தான். சுரங்கம் மூடிச் சில வருஷம் கழித்து, நெஞ்சுக்குள் போன தூசியே அவனை முடித்தது. ஆனால் சுரங்கத்தில் உழைத்தவனுக்குச் சேர வேண்டிய கரி, அவன் விதவைக்கும் வந்துகொண்டிருந்தது. மாதம் தவறாமல் பின்சந்தில் லாரி வந்து கொட்டிவிட்டுப் போகும். ஆல்மா தெருவில் முக்கால்வாசி வீடு அப்படித்தான். சும்மா வருகிற கரியை விட்டுவிட்டு எவன் காசு கொடுத்து எரிவாயுவில் வீட்டைச் சூடாக்குவான்? கூடத்தில் கரி எரியும் கணப்பு அங்கே வருஷம் முழுக்க அணைவதில்லை.

அப்போதுதான் அரசாங்கத் திட்டம் வந்தது. வீட்டுச் சுவருக்கு வெளியே கனமான பலகை ஒட்டி, மேலே பூச்சு பூசி, காற்றுப் புகாத கதவும் ஜன்னலும் மாட்டித் தருவார்கள். எல்லாம் இலவசம். வேல்ஸ் முழுக்க ஏழைப் பள்ளத்தாக்குகளுக்கென்றே போட்ட திட்டம். தேவாலயத்துப் பின்னறையில் கூட்டம் போட்டார்கள். அதிகாரி திரையில் படம் காட்டினார். வந்த கொஞ்சம் பேரும் பிஸ்கட்டுக்காக வந்தவர்கள்.

"சும்மா குடுக்கறானாம்" என்றார் மோஸ்டின். நெரிஸின் பக்கத்து வீட்டுக்காரர். எண்பதை நெருங்குகிற பழைய சுரங்கத் தொழிலாளி. "சும்மா குடுத்து நம்மகிட்ட எதையாவது பிடுங்காம போனவன் எவன்னு ஒருத்தனைக் காட்டு."

மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் இதே பேச்சுதான். அதே கல் வீடு, அதே மழை, அதே இலவசக் கரி. அங்கே ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ஆல்மா தெருவிலும் போட்டிருக்க மாட்டார்கள், நெரிஸ் மட்டும் இல்லாதிருந்தால்.

அவளுக்கோ அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. காற்றே புகாத வீடு! அம்மா உயிரோடு இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு சிக்கல். தெருவில் பெரும்பாலோர் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். மோஸ்டின் சேராமல் யாரும் சேர மாட்டார்கள்.

மோஸ்டின் வீட்டில் அவரோடு பேத்தி ஷோனெட்டும் அவள் கைக்குழந்தை மாப்லியும் இருந்தார்கள். ஷோனெட்டின் காதலன் மாப்லி பிறப்பதற்கு முன்பே கம்பி நீட்டிவிட்டான். ஷோனெட் டவுனில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் மாப்லி கொள்ளுத்தாத்தாவோடுதான். இத்தனை வயதுக்கு மேல் மோஸ்டின் நாப்கின் மாற்றக் கற்றுக்கொண்டார். பால் புட்டியை மணிக்கட்டில் சொட்டவிட்டுச் சூடு பார்ப்பார். "எனக்கு இப்பதான் உத்தியோகம் கிடைச்சிருக்கு" என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஷோனெட் மட்டும் அடிக்கடி விரலை ஆட்டிச் சொல்வாள்: "ஒரே ஒரு தடவை ஏதாவது தப்பாச்சு, தாத்தா, பிள்ளையை டவுன் காப்பகத்துல விட்டுடுவேன். பார்த்துக்கோங்க."

நெரிஸ் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "ஏன் பிடிவாதம் பிடிக்கறீங்க?"

"பிடிவாதமா? அந்தப் பய என்ன சொன்னான்னு காதுல விழுந்துச்சா, சமையக்காரி? கணப்பு இருக்கற வீட்டுல சுவத்தைத் துளைச்சு ஓட்டை போடுவாங்களாம். எப்பவும் திறந்தே இருக்கணுமாம். வீட்டைச் சூடாக்கறேன்னு சொல்லிட்டு ஓட்டை போடறவன் பைத்தியமா, கையெழுத்துப் போடறவன் பைத்தியமா?"

நெரிஸ் தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "போட்டுட்டுப் போகட்டுமே. அவன் வண்டி மலையைத் தாண்டினதும் ஒரு சாக்ஸை எடுத்துத் திணிச்சுடுங்க. எவன் வந்து பார்க்கப் போறான்?"

 மோஸ்டின் பொய்ப்பல் ஆடும்படி சிரித்தார். "ரக்பி சாக்ஸ்தான் தடிமனா இருக்கும்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

இதே வார்த்தையை அவள் ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். ஒவ்வொரு வீடும் தனக்கு மட்டும் கிடைத்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டது. அந்த வாரமே தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டது.

வேலை முடிந்ததும் ஆல்மா தெரு வேறு தெருவாகிவிட்டது. வெண்ணெய் நிறப் பூச்சு. வாசலில் புதுக் கதவுகள். முன்பெல்லாம் அங்கே வீட்டுச் சாவியைக் கயிற்றில் கட்டி, கடிதம் போடும் துவாரத்துக்கு உள்பக்கம் தொங்கவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் கையை விட்டு இழுத்துத் திறந்துகொள்ளலாம். புதுக் கதவிலும் சிலர் கயிறு கட்டப் போனார்கள். நெரிஸ் தடுத்தாள். "அந்த இடுக்குல காத்து வரும். வேண்டாம்." கயிறுகள் போயின. சுவர்கள் உலர்ந்தன. ஜனவரியில் மோஸ்டின் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கரும்பூஞ்சை காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ரக்பி ஆட்டத்துக்கு மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வந்தபோது, "குளிருதா? எங்க வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்று சீண்டினார்கள்.

வேலைக்காரர்கள் போகும்போது ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கெட்ட காற்று வந்தால் கத்தும் என்றார்கள். மோஸ்டின் வீட்டில் அது இரண்டு மூன்று தடவை கத்தியது. பேட்டரியைக் கழற்றி டி.வி. ரிமோட்டில் போட்டுக்கொண்டார். "காரணமே இல்லாம கத்துது. இந்த வீட்டுல அதுக்கு ஷோனெட் போதாதா?"

நெரிஸ் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம் காட்ரின் என்ற பெண் வந்தாள். அந்தத் திட்டத்தை ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறாளாம். ஒல்லியான உடம்பு, நனைந்த ஷூ. வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நெரிஸ் அவளைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கல்லில் சுட்ட திராட்சைக் கேக்கும் டீயும் கொடுத்தாள். தான் சுவரோரம், திரைச்சீலைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். அந்தத் திரைக்குப் பின்னால்தான் அவள் வீட்டுத் துளை இருந்தது, சாக்ஸோடு.

காட்ரின் ஒரு வரைபடத்தை விரித்தாள். பள்ளத்தாக்குகள் விரல்கள் மாதிரி கீழே இறங்கின. சேர்ந்தவர்கள் அதிகம் இருக்கும் இடம் கரும்பச்சை. குறையக் குறைய வெளிறிப்போகும். ஆல்மா தெரு இருக்கும் இடம் கறுப்பென்றே சொல்லலாம். மலைக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை.

"எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்தான், ஆன்ட்டி. அப்பா பஸ் ஓட்டறாரு. படிச்சவ வந்து சொல்லுவான்னு எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. எனக்கு இது புரியல. வருமானம் பார்த்தேன், வயசு பார்த்தேன், வீட்டுச் சுவரைக்கூடப் பார்த்தேன். மலைக்கு ரெண்டு பக்கமும் எல்லாம் ஒண்ணுதான். இங்க எல்லாரும் சேர்ந்திருக்காங்க. அங்க ஒருத்தர் இல்ல. ஏன்?"

நெரிஸுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "நான் பேசினேன். நான் சாப்பிடச் சொன்னா சாப்பிட்ட பிள்ளைங்கதானே எல்லாம்."

"அங்க எல்லாரும் அந்தக் காத்துத் துளையைத்தான் காரணமா சொல்றாங்க. நீங்க அதை எப்படிச் சமாளிச்சீங்க?"

"எடுத்துச் சொன்னேன்."

"நல்லவேளை" என்றாள் காட்ரின். அவள் உண்மையாகவே நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். "சில ஊர்ல மாட்டினதுக்கப்புறம் அடைச்சுடறாங்களாம். முன்னாடி பரவாயில்ல, கதவு ஜன்னல் எல்லாத்துலயும் காத்து வந்துட்டே இருக்கும். இப்ப வீடு டப்பா மாதிரி. கரி எரியறதுக்குக் காத்து வேணும். கிடைக்கலன்னா விஷமாத்தான் கக்கும். புகை தெரியாது, நெடி வராது. முதல்ல தலைவலி. அப்புறம் தூக்கம். குழந்தைங்களுக்கு இன்னும் சீக்கிரம். பார்க்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கன்னம் நல்லாச் செவந்து, ஆரோக்கியமா இருக்கற மாதிரியே இருக்குமாம்."

நெரிஸின் கையில் டீக்கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது ஷோனெட் சொன்னது இதுதான்: "மாப்லி இப்பல்லாம் அழறதே இல்ல, ஆன்ட்டி. படுக்க வச்சா அப்படியே கிடக்கறா. கன்னத்தைப் பார்த்தீங்களா, ஆப்பிள் மாதிரி! எல்லாம் இந்தச் சூட்டோட மகிமை." மோஸ்டின் பின்னால் நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நேத்து ஒரு சொட்டு குடிக்கல. தலை மட்டும் குடிச்சிருக்கு." அதற்கும் எல்லோரும் சிரித்திருந்தார்கள்.

"என்னாச்சு, ஆன்ட்டி?" என்றாள் காட்ரின்.

 நெரிஸ் கோட்டுகூட இல்லாமல் வெளியே ஓடினாள்.

மோஸ்டின் வீட்டுக் கதவைத் தட்டினாள். மணியை அழுத்திப் பிடித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் திரைச்சீலை. அதன் ஓரத்தில் கணப்பின் சிவப்பு. வழக்கம்போலக் கை கடிதத் துவாரத்துக்குள் போனது. துவாரத்தில் காற்றைத் தடுக்கும் தூரிகைதான் விரலில் குத்தியது. கயிறு இல்லை. கையை வெளியே எடுத்துவிட்டு, மறுபடியும் உள்ளே விட்டுத் துழாவினாள், கயிறு எப்படியாவது வந்துவிடும் என்பது போல.

"மோஸ்டின்!"

பின்னால் காட்ரின் வந்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குப் பேச ஆரம்பித்தாள்.

நெரிஸ் தன் வீட்டுக்கு ஓடி, கணப்பு கிளறும் இரும்புக் கம்பியை எடுத்துவந்தாள். ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் அந்தத் துளையின் பிளாஸ்டிக் மூடி இருந்தது. ஒரே குத்தில் அது உடைந்தது. கம்பியை உள்ளே செலுத்தினாள். மெத்தென்று எதிலோ முட்டி நின்றது. பலங்கொண்ட மட்டும் தள்ளினாள். அசையவில்லை. சாக்ஸ் ஒன்றல்ல. செய்தித்தாளும் இருந்தது, அதற்குப் பின்னால் இன்னொரு சாக்ஸும். சுரங்கத்தில் வெடி வைத்த துளையை அடைத்துப் பழகிய மோஸ்டினின் கை அது. அரைகுறையாகச் செய்யத் தெரியாது. வாழ்க்கை முழுக்கப் பூமிக்கு அடியில் கெட்ட காற்றுக்குப் பயந்து பயந்து வேலை செய்த மனுஷன், அதே காற்று தன் வீட்டுக் கூடத்துக்கும் வரும் என்று ஒரு நாளும் நினைத்திருக்க மாட்டார். அது கீழே இருப்பது. இது வீடு.

"பின்னாடி வாங்க!" என்று காட்ரின் கத்தினாள்.

பின்முற்றத்தில் கரி உடைக்கும் சுத்தியல் கிடந்தது. சமையலறை ஜன்னலில் நெரிஸ் ஓங்கி அடித்தாள். இரட்டைக் கண்ணாடி, சுத்தியல் துள்ளித் திரும்பியது. இன்னொரு அடி. மூலையில் அடித்தபோதுதான் விரிசல் ஓடியது. காட்ரின் சட்டைக்கையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே நுழைந்து பின்கதவைத் திறந்தாள்.

கூடத்தில் பயப்படுவதற்கு எதுவும் இல்லாதது போல இருந்தது.  இதமான சூடு. உலர்ந்த சுவர். டி.வி.யில் யாரோ தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மோஸ்டின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். அவர் காலடியில் தொட்டில் கூடையில் மாப்லி. கன்னம் இரண்டும் சிவந்து, அத்தனை அழகாக இருந்தாள்.

நெரிஸ் அவளை வாரிக்கொண்டு முன்கதவைத் திறந்து தெருவில் வந்து நின்றாள். மழை பக்கவாட்டில் அடித்தது. வாழ்நாள் முழுக்க எதைக் கண்டு பயந்தாளோ, அந்தக் காற்றுக்கு நேராகக் குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பிடித்தாள். போர்வையை விலக்கினாள். "குடிடி! குடி!" பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிய அதே குரல். மாப்லியின் தலை அவள் கையில் துணிப்பொம்மைத் தலை போலச் சாய்ந்தது. பின்னால் காட்ரின் மோஸ்டினைக் கம்பளத்தோடு இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை.

பிறகு மாப்லி இருமினாள். முகத்தைச் சுளித்தாள். அழுதாள்.

அதைக் கேட்ட பிறகுதான் நெரிஸ் போர்வையை இழுத்து அவளைச் சுற்றினாள்.

ஆஸ்பத்திரியில் மாப்லி சீக்கிரம் தேறினாள். மோஸ்டினுக்கு நாளாயிற்று. ஷோனெட் கடைச் சீருடையோடு ஓடிவந்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டுத் தாத்தாவின் கட்டிலுக்கு வந்தாள். தீயணைப்புத் துறைக்காரர் ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். நெரிஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"யார் அடைச்சது?" என்றார் அவர்.

மோஸ்டின் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். அவர் கண் ஒரு கணம் நெரிஸின் மேல் வந்து போயிற்று. "நான்தான். குளிருச்சு. அடைச்சேன்."

"யாராவது அடைக்கச் சொன்னாங்களா?"

"என் வீட்டுச் சுவத்துல ஓட்டை. எனக்கு எவன் சொல்லணும்?"

ஷோனெட்டின் உதடு வெளுத்துவிட்டது. "உங்களுக்குத் தெரியாதா, தாத்தா? சுரங்கத்துல இருந்த உங்களுக்குமா தெரியாது? அந்தப் பெட்டி கத்தினப்போ பேட்டரியைக் கழட்டி ரிமோட்டுல போட்டீங்களே! என் பிள்ளையைவிட உங்களுக்கு அந்த ரிமோட் பெருசாப் போச்சா?" பிறகு திரும்பி நெரிஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள். "நீங்க மட்டும் இல்லன்னா..."

நெரிஸ் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் கைகள் அவள் கழுத்தை அத்தனை இறுக்கமாகப் பிடித்திருந்தன. சொன்னால் அவை விலகிவிடும் என்ற பயம், மத்தியானம் கதவுக்கு வெளியே நின்றபோது வந்த பயத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததாக இல்லை.

மறுநாள் அவள் வீடு வீடாகப் போனாள். "எடுங்க. இப்பவே எடுங்க." சிலர் உடனே எடுத்தார்கள். சிலர் முறைத்தார்கள். "நீதானே வைக்கச் சொன்னே?" என்றான் ஒருவன். "எனக்கு மட்டும்னு வேற சொன்னே." எடுத்த சாக்ஸ்களை நடைபாதையில் பார்த்தபோது தெருவுக்கே விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் யாரும் வெளியே பேசவில்லை. அதிகாரிகள் வந்து, விதியை மீறினார்கள் என்று கதவையும் ஜன்னலையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். ஆல்மா தெரு மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. ஷோனெட்டுக்குச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

ஷோனெட் குழந்தையோடு சுவான்சி நகரத்துக்குக் குடிபோய்விட்டாள். தாத்தாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

காட்ரின் இன்னொரு தடவை வந்தாள். வரைபடம் கொண்டுவரவில்லை. "நம்பிக்கையான உள்ளூர் ஆள் ஒருத்தர் இருந்தா ஜனங்க சேருவாங்கன்னு எழுதியிருக்கேன். அது சரியான்னு எனக்கே தெரியல. அந்தப் பக்கத்துக்காரங்க இப்ப, பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோமேன்னு சிரிக்கறாங்க. ஆனா போன மாசம் அங்க ஒரு அம்மா படுக்கையிலேயே விறைச்சுப் போயிருந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் பார்த்திருக்காங்க. எது சரி, ஆன்ட்டி? சேர்ந்ததா, சேராததா?"

நெரிஸ் கேக்கை அவள் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு." சேர்ந்ததில் தப்பில்லை, தான் சொன்ன சாக்ஸில்தான் தப்பு என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல முடியவில்லை.

மோஸ்டின் ஆஸ்பத்திரியிலிருந்து ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நெரிஸ் அவருக்குத் தட்டு நிறையக் கறியும் உருளைக்கிழங்கும் கொண்டுபோவாள். முதல் ஞாயிறே அவள் கேட்டுவிட்டாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ சொன்னே, உண்மைதான். திணிச்சது என் கைதானே? அந்த யூனிஃபார்ம்காரனுக்கு முன்னாடி உன்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்றியா?" கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "ஆனா ஷோனெட்கிட்ட நீ சொல்லிடு, பொண்ணே. புத்தி சொன்ன ஆள் இன்னொருத்தர்னு தெரிஞ்சா அவ கோபம் பாதி குறையும். நான் சொன்னா, தப்பிக்கப் பார்க்கறார்னு நினைப்பா. நீ சொன்னா நம்புவா. மாப்லி தவழ ஆரம்பிச்சுட்டாளாம். நான் பார்க்கல."

"சொல்றேன்."

"எப்ப?"

"அடுத்த வாரம்."

ஒரு தடவை அவள் உண்மையாகவே சுவான்சிக்குப் பஸ் ஏறினாள். ஷோனெட் வாசலிலேயே கட்டிப்பிடித்தாள். மாப்லியைத் தூக்கி அவள் மடியில் போட்டாள். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது: நெரிஸும் மாப்லியும். நெரிஸ் டீ குடித்தாள். குழந்தைக்குப் பல் எத்தனை என்று பார்த்தாள். திரும்பி வந்து மோஸ்டினிடம், "அவ வீட்டுல இல்ல" என்றாள்.

"அவ இருக்கற நேரமாப் பார்த்துப் போயேன்" என்றார் மோஸ்டின்.

அதற்கப்புறமும் ஞாயிறுதோறும் கேட்டார். "சொல்லிட்டியா?" பிறகு, கேட்காமல் அவள் முகத்தை மட்டும் பார்ப்பார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார். தட்டை வாங்கிக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசுவார். அவர் கணப்பை மூட்டுவதையே விட்டுவிட்டார். துளையைத் திறந்தே வைத்திருந்தார். கோட்டோடு உட்கார்ந்திருப்பார். அடுத்த குளிர்காலத்தில், தூக்கத்தில், நாற்காலியிலேயே முடிந்துபோனார்.

அடக்கத்துக்கு ஷோனெட் குழந்தை இல்லாமல் வந்தாள். தேவாலயத்துப் பின்னறையில் நெரிஸ் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தாள். ஷோனெட் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கு அழுகையே வரல, ஆன்ட்டி. நான் கெட்டவளா?" என்றாள்.

"இல்லம்மா" என்றாள் நெரிஸ். கத்தி ரொட்டியைத் தாண்டிப் பலகையில் இறங்கிக்கொண்டிருந்தது. அறை நிறைய ஆட்கள். இப்போது வேண்டாம் என்று தோன்றியது.

இப்போது வேண்டாம் என்பது மூன்று வருஷமாயிற்று. நெரிஸ் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஷோனெட் மாப்லியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நீண்டு வளர்ந்த, கேள்வி கேட்கிற பெண்ணாகியிருந்தாள் மாப்லி. "இவங்கதான் உன்னைத் தூக்கிட்டு ஓடினாங்க" என்றாள் ஷோனெட்.

"எதுக்கு ஓடினாங்க?"

"உன் கொள்ளுத்தாத்தா செஞ்ச முட்டாள்தனத்தால."

நெரிஸின் கை முகமூடிக்குப் போனது. பிடித்து இழுத்தால் போதும். நாலு வார்த்தைதான்: அடைக்கச் சொன்னது நான்தான், ஷோனெட். ஷோனெட் குனிந்து அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள். "பேசாதீங்க, ஆன்ட்டி. சிரமப்படாதீங்க." நெரிஸுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே அவளைத் திடுக்கிட வைத்தது. கண்ணை அகல விரித்து ஷோனெட்டையே பார்த்தாள். ஷோனெட் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடியும்போது நெரிஸ் போய்விட்டாள். ஆல்மா தெருவிலிருந்து யாரும் சுவான்சிக்குப் போய் ஷோனெட்டிடம் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி ஏதாவது எழுதச் சொன்னால், மாப்லி கொள்ளுத்தாத்தாவை விட்டுவிட்டு எழுதுகிறாள். மோஸ்டினுக்கு நெரிஸ் தர வேண்டியிருந்தது அந்த நாலு வார்த்தை. அதை அவள் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவில்லை.